மார்ச்சிங் பேண்டுப் போட்டிக்கு வெளியூர்ப் பயணம்: டெக்சஸில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் பேண்டு எடுத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை இரவுகளில் கால்பந்தாட்ட இடைவேளையின்போது மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் என்ற அளவில்தான் நம்மில் பெரும்பாலோருக்கு இந்த உலகம் அறிமுகமாகிறது. அதே பேண்டு நவம்பரில் ஏறத்தாழ 900 மைல் தொலைவிலுள்ள இண்டியானாபொலிஸுக்குப் போட்டிக்குச் செல்லப்போகிறது, முதல் தவணையை இந்தத் தேதிக்குள் கட்டுங்கள் என்று ஒரு கடிதம் வந்தவுடன் குழப்பம் தொடங்கும். இங்கே பிறந்து வளர்ந்த பெற்றோர் பலர் தாங்களே பேண்டில் இருந்தவர்கள் என்பதால், கூட்டங்களில் எதையும் முதலிலிருந்து விளக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு படிவத்துக்கும் நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். டாலஸ் பகுதிப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. மற்ற மாநிலங்களில் பள்ளி விதிகள் மாறும். பேருந்து, ஆவணம், அரங்கம் பற்றிய பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும்.

1. எந்தப் போட்டிக்குப் போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்

டெக்சஸ் பேண்டுகள் இரண்டு வகைப் போட்டிகளுக்காக வெளியூர் செல்கின்றன. இரண்டுக்கும் உங்கள் திட்டமிடல் வேறு.

முதல் வகை, டெக்சஸில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் மாநிலப் போட்டி. வட்டார அளவில் முதல் தரம் பெற்ற பேண்டு ஏரியா போட்டிக்கும், அங்கே முன்னிலை பெற்றால் சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் நடக்கும் மாநில இறுதிக்கும் போகும். ஏரியா முடிவு வந்த பிறகுதான் பயணம் உறுதியாகும் என்பதால், ஓரிரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருக்கும். அந்த வாரங்களின் வார நாட்களில் தள்ளிவைக்க முடியாத மருத்துவர் சந்திப்பு எதையும் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது வகை, மியூசிக் ஃபார் ஆல் என்ற அமைப்பு நடத்தும் பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டிகள். பெற்றோர் பேச்சில் இது பி.ஓ.ஏ. இதற்குத் தகுதிச் சுற்று கிடையாது. பள்ளி விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்கிறது. ஆகவே ஓராண்டுக்கு முன்பே தேதி தெரிந்துவிடும். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ சான் அன்டோனியோவில் நடக்கும் சூப்பர் ரீஜனல் என்ற பெரிய வட்டாரப் போட்டிக்கு டாலஸிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம் போதும். நவம்பர் நடுவில் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும் தேசிய அளவிலான கிராண்ட் நேஷனல்ஸ்தான் பெரிய பயணம். அங்கே முதல் சுற்று வியாழன், வெள்ளி இரு நாளும் நடக்கும். அரையிறுதியும் 12 பேண்டுகள் வாசிக்கும் இறுதிச் சுற்றும் சனிக்கிழமை. பிள்ளையின் பேண்டு அடுத்த சுற்றுக்குப் போகாவிட்டாலும், மற்ற பேண்டுகளைப் பார்ப்பதற்காக இறுதிவரை தங்கவைக்கும் பள்ளிகள் உண்டு. எனவே எத்தனை நாள் பள்ளி இழப்பு, எந்த நாள் திரும்பி வருவார்கள் என்பதைப் போட்டியின் தேதியை வைத்து ஊகிக்காமல், பள்ளியின் பயணத் திட்டத்தைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

2. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் பேண்டு நாட்காட்டியைப் பாருங்கள்

இது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் நாம், பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்வதுபோல் சீட்டு வாங்குவோம். பேண்டு முகாமோ பெரும்பாலும் ஜூலை கடைசியிலேயே தொடங்கிவிடும். மைதானத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் ஒதுக்கி அதற்கேற்ப நகர்வுகளைக் கற்றுக்கொடுப்பது அந்த முகாமில்தான். அதைத் தவறவிட்ட பிள்ளை மாற்று ஆட்டக்காரராக வைக்கப்படலாம். மாற்று ஆட்டக்காரரைப் பயணத்துக்கு அழைத்துச் செல்வார்களா, கட்டணம் முழுதாகவா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். இதைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே கேட்டுவிட்டு அதன் பிறகு ஊர்ப் பயணத்தை முடிவுசெய்வது நல்லது.

இலையுதிர் காலத்திலும் மோதல்கள் வரும். அக்டோபரில் நவராத்திரியும் பி.எஸ்.ஏ.டி. தேர்வும் உண்டு. 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்ததுபோல், பண்டிகை பல ஆண்டுகளில் போட்டி வாரத்திலேயே விழும். பேண்டு அதற்காக ஒத்திகையை நிறுத்தாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் நவம்பர் 1 என்ற தேதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு அதுவே கடைசி நாள். பேருந்தின் வைஃபையை நம்பிக் கட்டுரையைப் பதிவேற்ற நினைக்கும் பிள்ளையிடம், அக்டோபர் 20க்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். அதே காலத்துச் சனிக்கிழமைகளில் வரும் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளுக்குப் பணம் கட்டுமுன்பும் இந்த நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

3. செலவை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்

முதலாவது, ஆண்டுக்கான பேண்டுக் கட்டணம். சீருடைப் பராமரிப்பு, கூடுதல் பயிற்சியாளர்கள், நிகழ்ச்சி வடிவமைப்பு எல்லாம் இதில் அடங்கும். பயணம் பெரும்பாலும் இதில் அடங்காது. காலணி, கையுறை, சீருடைக்கு உள்ளே போடும் சட்டை ஆகியவற்றுக்கும் தனியாகக் கேட்பார்கள்.

இரண்டாவது, பயணக் கட்டணம். இதில் பேருந்து அல்லது விமானம், விடுதி, சில வேளை உணவு, அரங்க நுழைவு ஆகியவை சேரும். பேருந்துப் பயணத்துக்குச் சில நூறு டாலரும், விமானப் பயணம் என்றால் ஆயிரத்துக்கு மேலும் எதிர்பாருங்கள். விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பிள்ளைகள் என்ற கணக்கில்தான் தொகை வகுத்திருப்பார்கள். உங்கள் பிள்ளை கட்டிலைப் பகிர்ந்து தூங்கப் பழகாதது என்றால் முன்கூட்டியே பேசிவையுங்கள். எத்தனை வேளை உணவு கட்டணத்துக்குள் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மீதி வேளைகளுக்குக் கையில் பணம் கொடுத்தனுப்ப வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் பார்க்கப் போனால் ஆகும் செலவு. இது பிள்ளையின் செலவைவிட அதிகமாகும். போகாமல் இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை என்பது என் கருத்து. பள்ளிக்கு அருகில் நடக்கும் போட்டியில் அதே நிகழ்ச்சியை முழுதாகப் பார்க்கலாம்.

தவணைகளில் கவனிக்க வேண்டியது திருப்பித் தரும் விதி. விடுதி, பேருந்து ஒப்பந்தங்களில் தலைக்கணக்கு உறுதியான பிறகு பிள்ளை விலகினால் பணம் வராது. விலகும் காரணம் நோயாக இருந்தாலும், அடுத்து நான் சொல்லப்போகும் மதிப்பெண் விதியாக இருந்தாலும் பெரும்பாலும் இதே நிலைதான். கடைசியாக விலகக்கூடிய தேதி எது என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள்.

பேண்டுக்குப் பணம் திரட்டும் பூஸ்டர் சங்கம் பெரும்பாலும் 501(சி)(3) வகை அறக்கொடை அமைப்பு. அதனால் அதற்குக் கட்டுவதெல்லாம் நன்கொடை என்று எண்ணிவிட வேண்டாம்: சொந்தப் பிள்ளையின் பயணத்துக்குக் கட்டிய தொகையை வருமான வரியில் நன்கொடையாகக் காட்ட முடியாது. நீங்கள் திரட்டிய பணம் உங்கள் பிள்ளையின் கணக்கில் மட்டும் சேரும் ஏற்பாட்டையும் வரித்துறை ஏற்பதில்லை. அப்படி நடத்திய ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் சங்கத்துக்கு எதிராக 2013இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கேக் விற்றால் கட்டணம் குறையும் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். வேறொரு வழி உண்டு. உங்கள் நிறுவனம் ஊழியர் நன்கொடைக்கு ஈடு கொடுக்கிறதா, தன்னார்வ மணி நேரங்களுக்குத் தொகை தருகிறதா என்று பாருங்கள். மென்பொருள் நிறுவனங்களில் இது பரவலாக உண்டு. பணம் கட்ட இயலாத நிலை என்றால் பேண்டு இயக்குநரிடம் தனியாகச் சொல்லுங்கள். உதவி நிதி பல பள்ளிகளில் இருக்கிறது; கேட்பவர்களுக்கே அது கிடைக்கிறது.

4. மதிப்பெண்: 70க்குக் கீழே போனால் பயணம் இல்லை

டெக்சஸில் இது மாநிலச் சட்டம். மதிப்பெண் காலம் முடியும்போது ஏதேனும் ஒரு பாடத்தில் 70க்குக் குறைந்தால், ஏழு நாள் கழித்து அந்தப் பிள்ளை போட்டிகளில் பங்குபெறும் தகுதியை இழக்கும். அதன் பிறகு மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால்தான் தகுதி திரும்பும். ஒன்பது வார முறையுள்ள பள்ளிகளில் முதல் காலம் அக்டோபர் நடுவில் முடிவதால், அதன் பாதிப்பு நேராகப் போட்டிக் காலத்தில் விழும். ஏ.பி. போன்ற உயர்நிலைப் பாடங்களுக்கு விலக்கு இருக்கலாம். எந்தப் பாடங்கள் என்பதை உங்கள் பள்ளி மாவட்டத்தின் பட்டியலில் பாருங்கள், பிள்ளை சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் ஒப்படைக்க மறந்த இரண்டு வேலைத்தாள்களால் சிக்கிக்கொள்வதுண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை மதிப்பெண் தளத்தைத் திறந்து பார்ப்பது போதும்.

5. ஆவணங்கள்

படிவங்கள் ஆகஸ்டிலேயே வந்துவிடும். பெற்றோர் ஒப்புதல், மருத்துவச் சிகிச்சை ஒப்புதல், காப்பீட்டு அட்டையின் இரு பக்க நகல், மருந்துப் படிவம் ஆகியவை அடிப்படை. சிலவற்றுக்கு நோட்டரி கையொப்பம் வேண்டும். கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் இலவசமாகச் செய்து தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். படிவத்தை வீட்டிலேயே கையெழுத்திட்டு எடுத்துச் சென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோட்டரியின் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும்.

மருந்து விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. தலைவலி மாத்திரையானாலும் அசல் பெட்டியில், படிவத்தோடு, பொறுப்பான பெரியவரிடம் கொடுத்தனுப்புங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பட்டையையோ, சிறு டப்பாவில் போட்ட சூரணத்தையோ பிள்ளையின் பையில் ரகசியமாக வைத்தனுப்பினால், பை சோதனையில் அது பெயர் தெரியாத மருந்தாகப் பார்க்கப்பட்டு ஒழுங்கு நடவடிக்கைவரை போகலாம். ஆஸ்துமா இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் பிள்ளை தன்னிடமே வைத்துக்கொள்ள மருத்துவரின் கையொப்பமிட்ட அனுமதி வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கு மருத்துவமனை சில நாள் எடுத்துக்கொள்ளும்.

உள்நாட்டு விமானத்தில் 18 வயது நிரம்பாதவர்களிடம் பாதுகாப்புச் சோதனையில் அடையாள அட்டை கேட்பதில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு நவம்பருக்குள் 18 நிரம்பிவிடும். 2025 மே 7 முதல் 18 வயதானவர்களுக்கு ரியல் ஐ.டி. தரத்திலான அட்டையோ கடவுச்சீட்டோ தேவை. இந்தியக் கடவுச்சீட்டு செல்லும். அது புதுப்பிப்புக்காகத் தூதரகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று செப்டம்பரிலேயே பார்த்துவிடுங்கள். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளையின் கடவுச்சீட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் உள்நாட்டுப் பயணத்துக்குத் தடையில்லை. நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 செல்லுபடியாக இருக்க வேண்டும். குடியுரிமை இல்லாத 18 வயதானவர் தம் குடிவரவுப் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பச்சை அட்டை அல்லது ஐ-94 அச்சுப்படி இதற்கு உதவும். வயது குறைந்த பிள்ளைகளுக்கு நகல் ஒன்றைப் பையில் வைத்தால் போதும். பேருந்துப் பயணத்தில் அசல் கடவுச்சீட்டைக் கொடுத்தனுப்பித் தொலைப்பதே பெரிய ஆபத்து.

18 நிரம்பிய பிள்ளைக்கு மருத்துவமனையில் நீங்கள் கையெழுத்திட முடியாது, தகவலும் தர மறுப்பார்கள். பிள்ளையே கையெழுத்திட்ட மருத்துவ அதிகாரப் பத்திரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பேண்டு வெளிநாட்டு அணிவகுப்புக்குப் போவதாக இருந்தால் திரும்பி வர விசா முத்திரை பெறும் கேள்வி எழும். முதல் தவணை கட்டுமுன் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

6. பேருந்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்

பயணிகள் பேருந்து ஓட்டுநர், தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். வேலையில் 15 மணி நேரம் ஆகிவிட்டால் அதன் பிறகு ஓட்டவே கூடாது. டாலஸிலிருந்து இண்டியானாபொலிஸுக்குப் பேருந்தில் நிறுத்தங்களோடு 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், அல்லது வழியில் மாற்று ஓட்டுநர் காத்திருக்க வேண்டும், அல்லது இடையில் இரவு தங்க வேண்டும். மூன்றில் எது என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பேருந்து நிறுவனத்தின் டாட் எண்ணை (கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) கேட்டு வாங்கினால், கூட்டாட்சி மோட்டார் பாதுகாப்பு நிர்வாகத்தின் சேஃபர் தளத்தில் அதன் விபத்து, சோதனை விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாநிலம் தாண்டிச் செல்லும், 16 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட வாடகைப் பேருந்துகளுக்கு 50 லட்சம் டாலர் காப்பீடு கட்டாயம்.

வாத்தியங்களும் மேடைப் பொருள்களும் தனியாகப் பெரிய சரக்கு வண்டிகளில், பெரும்பாலும் பிள்ளைகளுக்கு முன்பே, கிளம்பிவிடும். ஏற்றிய வாத்தியம் திரும்பி வரும்வரை வீட்டில் பயிற்சி செய்ய முடியாது. வட்டாரத்தின் சிறந்த மாணவர் இசைக்குழுவுக்கான ஆல்-ரீஜன் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு இது உண்மையான நெருக்கடி. வாடகைக்கு இன்னொன்று கிடைக்குமா என்று முன்பே பாருங்கள். விமானத்தில் போனால் புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற சிறியவற்றை, ஏறும் நேரத்தில் மேல்பெட்டியில் இடமிருந்தால், கையோடு கொண்டுபோக விமான நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும். விமானத்தில் கடைசியாக ஏறினால் இடம் இருக்காது.

7. பையும் உணவும்

இண்டியானாபொலிஸ் அரங்கம் கூரை உள்ளது. ஒத்திகை நடப்பதோ வெளியே, நவம்பர்க் குளிரில், உறைநிலையை ஒட்டிய காலை வேளைகளில். டாலஸில் அணியும் ஹூடி போதாது. கனமான மேல்கோட்டு, தொப்பி, சீருடைக்குள் போடும் வெப்ப உள்ளாடை ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். நீளமான கறுப்புக் காலுறையில் இரண்டு சோடி கூடுதலாக வையுங்கள். முட்டிவரை இல்லாத காலுறையோடு பிள்ளையைக் களத்தில் இறங்க விட மாட்டார்கள். சீருடைத் துண்டுகள் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே மாதிரி இருநூறு கையுறைகளுக்கு நடுவில் உங்களுடையது எது என்று தெரியாது.

உணவுப் படிவத்தில் "சைவம்" என்று தேர்ந்தெடுத்தால் முழு வேலையும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அதற்குப் பொருள் சீஸ் பீட்சா, அடுத்த வேளையும் சீஸ் பீட்சா. முட்டை சாப்பிடுமா, கோழிச் சாறு கலந்த சோறு ஆகாதா என்பதை எழுதிக் கொடுங்கள்; உணவுக் குழுவில் இருக்கும் பெற்றோர் நல்லவர்கள், சொன்னால் செய்வார்கள். முதல் நாளுக்கு எலுமிச்சை சாதமோ சப்பாத்திச் சுருளோ கட்டிக்கொடுக்கலாம். அதற்குப் பிறகு முறுக்கு, தட்டை, அவல் மிக்சர் போன்ற உலர்ந்தவையே நிற்கும். கடலை மிட்டாயும் வேர்க்கடலை சேர்ந்த எதையும் தவிருங்கள்: அதே பேருந்தில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அனைத்தையும் வாங்கி வைத்துவிடுவார்கள்.

8. நீங்களும் போவதாக இருந்தால்

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பேண்டோடு மேற்பார்வைப் பெற்றோராகச் செல்வது. இதற்குப் பள்ளி மாவட்டத்தின் பின்னணிச் சோதனை தேவை. பள்ளி தொடங்கியதுமே விண்ணப்பித்துவிடுங்கள், அக்டோபரில் விண்ணப்பித்தால் நேரத்துக்கு வராமல் போகலாம். படிவம் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்டு, உங்களிடம் அது இல்லையென்றால், வேறு எந்த ஆவணம் ஏற்கப்படும் என்று மாவட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். மேற்பார்வையாளராகச் சென்றால் சொந்தப் பிள்ளையின் பேருந்திலேயே இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கொடுப்பது, தலைகளை எண்ணுவது, இரவு அறைக் கதவுகளில் நாடா ஒட்டிக் காவலிருப்பது என்று தூக்கமில்லாத வேலை அது. உடல் உழைப்புக்கு அஞ்சாத அப்பாக்களுக்கு மேடைப் பொருள் தள்ளும் குழு மேலும் பொருத்தமாக இருக்கும். களத்தின் ஓரத்திலிருந்தே பார்க்கலாம்.

மற்றொன்று பார்வையாளராகச் செல்வது. வாசிக்கும் நேரம் வெளியானபின் சீட்டு வாங்குங்கள். முதல் சுற்றுக்கும் இறுதிக்கும் தனித்தனிச் சீட்டு. இண்டியானாபொலிஸ் டெக்சஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் மாறும் நாள் என்பதையும் நினைவில் வையுங்கள். இறுதிச் சுற்றின் பரிசளிப்பு சனிக்கிழமை பின்னிரவுவரை நீளும், ஆகவே திரும்பும் விமானத்தை ஞாயிறு காலைக்கு மேல் வையுங்கள். அரங்குக்குள் ஒளி ஊடுருவும் பைதான் அனுமதி: 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள், அல்லது ஒரு கேலன் சிப்லாக் பை. மற்றவர்களின் கைப்பையை வாசலில் திருப்பி அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். விடுதி வெகுதூரமாக இருந்தால் பாதி நிகழ்ச்சி போய்விடும்.

போட்டி முடிந்ததும் பிள்ளையை உங்களோடு அழைத்துவர விரும்பினால், அதற்கான விடுவிப்புப் படிவத்தைக் கிளம்பும் முன்பே கொடுத்திருக்க வேண்டும். அரங்க வாசலில் நின்று கேட்டால் இயக்குநர் மறுப்பார், மறுப்பதே சரி.

9. திரும்பி வரும் இரவும் அதன் பிறகும்

பேருந்து பள்ளிக்கு வந்துசேரும் நேரம் அதிகாலை மூன்று மணியாகவும் இருக்கலாம். பிள்ளைகள் நெடுஞ்சாலையிலிருந்து அனுப்பும் செய்தியைப் பார்த்துக் கிளம்புங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் தாமதமாக வரும் பெற்றோருக்காக இயக்குநர் காத்திருக்க வேண்டியிருக்கும். பள்ளி இழந்த நாட்கள் அனுமதிக்கப்பட்டவையாகக் கணக்கிடப்படும். ஆனால் வேலைத்தாள்களை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் ஆசிரியரிடமும் கிளம்பும் முன்பே பிள்ளை கேட்டிருக்க வேண்டும். சீருடையைத் திருப்பிக் கொடுக்கும் நாளைத் தவறவிட்டால் சலவைக் கட்டணம் உங்கள் கணக்கில் ஏறும். நிறுவனத்தின் ஈட்டு நன்கொடைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் பூஸ்டர் சங்கத்தின் ரசீதையும், தன்னார்வ மணிகளுக்கான கையொப்பத்தையும் நவம்பர் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். பல நிறுவனங்களில் டிசம்பர் 31க்குப் பிறகு அந்த ஆண்டின் கோரிக்கையை ஏற்பதில்லை.